கோடு யார் பக்கம்

பாவடியூரில் ஒரு திங்கட்கிழமை காலை, கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சி இரண்டாகப் பிரிந்தது. கஞ்சி பிரிவதெல்லாம் அந்த ஊருக்குப் புதிதில்லை. ஆற்றங்கரையை ஒட்டிப் பதினெட்டு சைசிங் பட்டறைகள் இருக்கிற ஊர் அது. தறியில் ஏறப்போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, உருளையில் சுருட்டி அனுப்புவதுதான் அங்கே பிழைப்பு. அந்தக் கஞ்சியில் மரவள்ளி மாவும் பிவிஏ என்று மூட்டையில் வருகிற வெள்ளைத் தூளும் சேரும். இரண்டும் கொதிதண்ணீரில் சமர்த்தாகக் கரையும், ஆனால் ஒன்றோடொன்று சேரச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கலக்கியை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வருவதற்குள் மேலே ஒன்று கீழே ஒன்று என்று நடுவில் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் கலக்கி என்ற ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு மோட்டாரும் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என்னவென்றால், கலக்கி சுற்றிக்கொண்டிருக்கும்போதே கோடு விழுந்தது.

கொப்பரைக்கு மேஸ்திரி அர்த்தனாரி, வயது ஐம்பத்தொன்று, மேலத்தெருக்காரர், கஞ்சியை இரண்டு விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். மாவுக் கரைசலை ஊற்றுவது அவர். பிவிஏ கரைசலை ஊற்றுவதும் பாய்லரைப் பார்ப்பதும் மாதையன், காலனிக்காரர். அர்த்தனாரியைவிட மூன்று வயது மூத்தவர். மூத்தவராக இருந்தும் இருபத்திரண்டு வருடமாக அர்த்தனாரி வாயில் அவர் 'டா'தான், இந்தக் கதையில் மட்டுமாவது 'அவர்' ஆக இருக்கட்டும்.

"ஏண்டா மாதையா, போர்த் தண்ணிய கீர்த் தண்ணிய ஊத்திப்போட்டயா?"

"இல்லீங் மேஸ்திரி, ஆத்துத் தண்ணிதானுங்."

அந்தக் கொப்பரையைச் சாக்கடையில் திறந்துவிட்டு இரண்டாவது கொப்பரை காய்ச்சினார்கள், அதிலும் கோடு. மூன்றாவது காய்ச்சினார்கள், அதிலும் கோடு. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். பிவிஏ விற்கிற கம்பெனியிலிருந்து ஆர்டர் எடுக்க வந்திருந்த ஞானசுந்தரம் என்ற ஆளும் கழுத்துப்பட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர்தான், மாவும் வேண்டாம் தூளும் வேண்டாம், ஆளுக்கொரு சொம்பு பச்சைத் தண்ணீரை இந்தக் கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள் பார்ப்போம் என்றார். ஊற்றினார்கள். தண்ணீர் கொஞ்சம் தளும்பியது, அடங்கியது, நடுவில் தலைமயிர் வைத்ததுபோல ஒரு கோடு வந்து நின்றது. அர்த்தனாரி மட்டும் இரண்டு சொம்பும் ஊற்றினால் கோடு இல்லை, மாதையன் மட்டும் ஊற்றினாலும் இல்லை, இரண்டு பேரும் ஊற்றினால் உண்டு. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். "சரி, அப்ப இன்னைக்கு லோடு போகுமா போகாதா?" என்று கேட்டார் முதலாளி.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அப்படித்தான் என்று தெரிந்துபோயிற்று. முக்குக் கடையில் பாலை ஊற்றியது ரங்கண்ணன், டிகாஷனை ஊற்றியது அவருடைய மச்சினன், டீ கீழே கறுப்பாகவும் மேலே வெளுப்பாகவும் நின்றது. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி வீட்டில் சோதித்துப் பார்த்தபோது நடுவில் சுண்டுவிரல் கனத்துக்குக் கோடு. போன மாதம் கல்யாணமான ஒரு ஜோடி வெட்கப்பட்டுக்கொண்டே ஊற்றியபோது கோடு மருந்துக்கும் இல்லை, அடுத்த மாதம் ஊற்றச் சொல்லுங்கள் என்று ஒரு கிழவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மனசில் ஆகாமை இருந்தால் கோடு என்று ஊர் இப்படியாகக் கண்டுகொண்டது.

ஞானசுந்தரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். "மாவுக்கும் தண்ணி பிடிக்குங்க, பிவிஏவுக்கும் தண்ணி பிடிக்கும். சண்டையெல்லாம் ஒண்ணும் பெருசா கிடையாது. ரெண்டுமே சங்கிலி மாதிரி நீளமா இருக்கும், ஆயிரங் கண்ணி. ஒரு கண்ணிக்கும் எதிர்க் கண்ணிக்கும் இருக்கிற ஆகாமைய எடுத்துப் பாத்தீங்கன்னா தூசி, ஒண்ணுமே இல்ல. ஆனா கண்ணிக்குக் கண்ணி அதே தூசி. சேர்ந்து சேர்ந்து பாரம் ஆயிருது, பிரிச்சுப் போட்டுருது."

"அப்ப மனுசனுக்குங்க?"

"அது எங்க கம்பெனி சரக்கு இல்லீங்களே" என்று கும்பிட்டுவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள்; ஆற்றுத் தண்ணீரில் ஏதோ என்றார்கள், பதினெட்டுப் பட்டறைச் சாக்கடையும் சேர்ந்த பாவம் என்றார்கள், பிறகு பாவு லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டார்கள். வந்ததோடு எப்படிப் பிழைப்பது என்பதில்தான் பாவடியூரின் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. பால் சொசைட்டியில் வீட்டுக்கொரு கேன் வைத்தார்கள். டீக்கடையில் பாலையும் டிகாஷனையும் ஒரே கை ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று, அப்புறம் அதுவும் வேண்டாமென்று அவரவர் டீயை அவரவரே ஆற்றிக்கொண்டார்கள். மாரியம்மன் கோயிலில் முந்நூறு வீட்டுப் பாலும் அபிஷேகக் குடத்தில் மரத்தை வெட்டினால் தெரிகிற வளையம்போல அடுக்கடுக்காக நிற்க, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு மத்தால் கடைந்து மளமளவென்று ஆத்தா தலையில் கொட்டினார், ஆத்தா எதுவும் சொல்லவில்லை. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மடியில் கரண்டியோடு போனார்கள். மோர் கொடுத்தால் கலக்கிக்கொண்டே பேசி, கலக்கிக்கொண்டே குடித்து, கலக்கிக்கொண்டே தட்டு மாற்றிக்கொண்டார்கள். எங்கே பார்த்தாலும் டங்கு டங்கென்று கரண்டிச் சத்தம்.

ஆனால் ஒன்று. கோடு விழும், யார் பக்கத்துக் கோடு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இவருக்கு அவரை ஆகாதா, அவருக்கு இவரை ஆகாதா, இரண்டு பேருக்குமா, தண்ணீர் வாயைத் திறக்காது. ஆகவே ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வியே அதுவாகிப்போனது. சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்ட காலம் போய், "கோடு யார் பக்கமுங்க?" என்று கேட்டார்கள். "என்ற பக்கம்" என்று, அதாவது தன் பக்கம் என்று, சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. ஊர் முழுக்கக் கோடு, ஒருத்தருடையதும் இல்லை.

அர்த்தனாரி மனைவி பாவாயியிடம் ஒருநாள் சொம்பை நீட்டி, "நாமளும் ஊத்திப் பாக்கலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டார். "முப்பது வருசம் ஓட்டியாச்சு, இனி எதுக்குங்க அதெல்லாம்? சோறு ஆறுது, உக்காருங்க" என்றார் பாவாயி.

மூன்றாம் வாரம் முதலாளி இருவரையும் கொப்பரையடிக்கு வரச்சொன்னார். மற்றப் பட்டறைகள் பலவற்றில் ஒரே ஆளை வைத்து ஊற்றிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள், பாவு அறுகிறதில்லை, நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும், ஆகவே ஒருத்தர் போதும் என்றார். யாரை நிறுத்துவது என்று அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கோடு எவருடையதோ அவரை நிறுத்துவதுதான் நியாயம் என்று தனக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு அர்த்தனாரியைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லு மேஸ்திரி. கோடு யார் பக்கம்?"

மாதையன் பக்கத்தில்தான் நின்றார், மேல்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. மகளுக்குச் சீர் செய்ய வேண்டும் என்பது அர்த்தனாரிக்கு ஞாபகம் வந்தது, ஐம்பத்தொரு வயதில் இன்னொரு பட்டறை வாசலில் போய் நிற்பது எப்படி என்பது ஞாபகம் வந்தது. இதெல்லாம் பிற்பாடு அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த நேரத்தில் அவர் எதையும் நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"எனக்கு ஒண்ணுமில்லீங் முதலாளி. அவம் பக்கந்தான் ஏதோ இருக்கும்போல."

மாதையன் அர்த்தனாரியைப் பார்க்கவில்லை. பாய்லர் முள் எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்த்தார், பிரஷரைக் கொஞ்சம் இறக்கி வைத்தார், "சரிங்க" என்றார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அர்த்தனாரி தனியாக இரண்டையும் ஊற்றினார். அடேங்கப்பா, அப்படி ஒரு கஞ்சி! கண்ணாடிபோலப் பளபளவென்று, கோடு கீடு எதுவும் இல்லாமல், நூலில் பிடித்த பிடியில் தறிக்காரர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள். பதினோரு மணிக்கு டீ வந்தது. தூக்குப்போசியைத் திறந்து தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல இன்னொரு கையால் பாய்லர் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கிய எவர்சில்வர் டம்ளரை எடுக்கப் போன அர்த்தனாரி அப்படியே நின்றார்.

அது மாதையனின் டம்ளர். அர்த்தனாரிதான் வாங்கிக் கொடுத்தார், திருச்செங்கோட்டுப் பாத்திரக் கடையில், 'மா' என்று எழுத்தெல்லாம் வெட்டி. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்: நம்ம மில்லுல பேதமெல்லாம் இல்லீங்க, அவனுக்குன்னு பேர் வெட்டித் தனி டம்ளரே வாங்கிக் குடுத்திருக்கேன். தனி டம்ளர்! அதில் டீயை ஊற்றும்போது போசியின் விளிம்பு டம்ளரில் பட்டுவிடாமல் ஒரு சாண் தூக்கி ஊற்றுவார். கோபத்தில் இல்லை, வெறுப்பில் இல்லை, சிரித்துப் பேசிக்கொண்டே, மாதையன் பேரனுக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே, ஒரு சாண். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு தடவையை எடுத்துப் பார்த்தால் தூசி. இருபத்திரண்டு வருடம்.

அர்த்தனாரிக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. டீயைச் சாக்கடையில் ஊற்றினார். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தும் யாரோ பார்த்துவிட்டதுபோல அந்த டம்ளரை எடுத்து மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார், ஒளித்துவைத்ததற்காக மேலும் வெட்கப்பட்டார். அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் அந்த வெட்கம் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சலூனில் கண்ணாடிக்கு எதிரே உட்கார முடியவில்லை. காலனிக்காரர் யாராவது எதிரே சைக்கிளில் வந்தால் வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பாவாயி இலை போடவில்லை. ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். தன் சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார், புருஷன் கையில் இன்னொரு சொம்பைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினார். கோடு விழுந்தது.

அர்த்தனாரி கிண்ணத்துக்குக் குனிந்தார். "முப்பது வருசமாவா?" என்றார்.

"இல்லீங்க. அன்னைக்கு நீங்க கேட்டப்ப பயந்துட்டு வேண்டாம்னேன், அப்புறம் நீங்க தூங்கறப்ப, நீங்க உங்க கையால ஊத்தி வெச்சிருந்த தண்ணியில என்ற தண்ணியையும் ஊத்திப் பாத்துக்கிட்டேன், ஒண்ணுமே இல்ல. இது இந்த வாரம் விழுந்துச்சு. மாதையனப் பத்தி நீங்க சொன்னது ஊருக்கே தெரிஞ்சு, தண்ணிக் குழாயில எங்காதுல விழுந்த அன்னைக்கு." பாவாயி கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். "இது என்ற பக்கமுங்க. நான் ஒத்துக்கறேன். நீங்க?"

அவர் சாப்பிடாமல் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகல் வெயிலில், மேலத்தெரு முழுக்கப் பார்க்க, காலனிக்கு நடந்தார். இருபத்திரண்டு வருடத்தில் மாதையனின் வீடு எது என்று அவருக்குத் தெரியாது. ஒரு பெண்ணிடம் கேட்டுத்தான் போனார், கேட்கும்போது "மாதையண்ணன் வீடு" என்று வாயில் வரவழைப்பதற்குள் வியர்த்துவிட்டது.

மாதையன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரியைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அர்த்தனாரி உட்காரவில்லை.

"நான் பொய் சொல்லிட்டனுங்க" என்றார். முதல்முறையாக மாதையனுக்கு 'ங்க' போட்டார், போட்டது அவர் காதுக்கே கேட்டது. "கோடு என்ற பக்கந்தான். டீய அப்புடித் தூக்கித் தூக்கி ஊத்தினது... எனக்கு அது தப்புன்னே தெரியலீங்க. தெரியலைங்கறதுதான் இன்னும் கேவலம். மன்னிச்சுக்கோங்க."

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மாதையனின் மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அர்த்தனாரி வாய் வைத்து முழுக்கக் குடித்தார். பிறகு அவரே கேட்டு ஒரு பாட்டிலை வாங்கி, குடத்திலிருந்து ஒரு கை மொண்டு ஊற்றிவிட்டு மாதையன் முன்னால் நீட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நெஞ்சு லேசாகியிருந்தது, கண்ணில் தண்ணீர்கூட நின்றது. மாதையன் கொஞ்சம் யோசித்தார், ஒரு கை தண்ணீர் ஊற்றினார். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து எல்லோரும் பார்த்தார்கள்.

கோடு விழுந்தது. முன்பு விழுந்ததைவிடத் தெளிவாக.

"ஏனுங்க?" என்றார் அர்த்தனாரி, குழந்தைபோல. "நான் மனசாரத்தானுங்க வந்தேன்."

"தெரியுதுங் மேஸ்திரி. மூஞ்சியிலயே தெரியுது. இது உங்களுது இல்லீங்க, இது என்னுது."

"உங்களுதுங்களா?"

"ஆமாங்க. அந்த மொதக் கொப்பரையிலயே என்னுதும் இருந்துச்சுங்க. எம்பக்கமும் ஒண்ணு இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

தோணவே இல்லை. கோடு அவன் பக்கம் என்று முதலாளியிடம் சொன்னபோதுகூட, அப்படி ஒன்று நிஜமாக இருக்கலாம் என்று அர்த்தனாரி நினைத்ததில்லை. மாதையனுக்கு வேண்டும் வேண்டாம் என்று ஒரு மனசு இருக்கும், அதில் தன்னை வேண்டாம் என்று எப்போதோ ஒதுக்கி வைத்திருக்கும் என்பது எந்தக் காலத்திலும் அவர் புத்திக்கு எட்டியதில்லை. தான் மனசு வைத்தால் கோடு போய்விடும் என்றுதான் இந்தத் தெரு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். பொய் சொன்னதற்குப் பட்ட வெட்கம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நிற்கிற இடம் தெரியாமல் நின்றார்.

"போயிருமுங்களா என்னைக்காச்சும்?"

"தெரியலீங்க. போகோணும்னு நான் மெனக்கெடப் போறதில்ல." மாதையன் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. பாட்டிலை மருமகளிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சுங்க. அக்கரை மில்லுல சேந்துட்டனுங்க. செல்லக்கண்ணுன்னு ஒரு அம்மா மாவு ஊத்துது, நான் பிவிஏ ஊத்தறேன். நாலு நாளாச்சு, ஒரு கொப்பரையிலகூடக் கோடு விழுகலீங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. இருபத்திரண்டு வருடம் தினம் பார்த்த முகம், அந்தச் சந்தோஷத்தை அர்த்தனாரி அதற்கு முன் அதில் பார்த்ததில்லை.

திரும்பி நடந்தார். மேலத்தெரு முக்கில், ரங்கண்ணன் கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், முதலாளியும் இருந்தார், அர்த்தனாரி காலனிக்குப் போன சேதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கரண்டிகள் நின்றன.

"என்ன மேஸ்திரி, ஊத்திப் பாத்தாச்சா?" என்றார் முதலாளி. "கோடு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"யார் பக்கம்?"

மாதையன் பக்கம் என்று சொன்னால் அது பொய்யாகாது. மாதையனே தன் வாயால் ஒத்துக்கொண்டது, வேண்டுமானால் பத்துப் பேர் சாட்சி. சொல்லிவிட்டால் அன்றைக்குச் சொன்னதும் நிஜமாகிவிடும், பார்த்தீங்களா மேஸ்திரி அப்பவே சொன்னாரு என்று ஊர் தோளில் தட்டும், கொப்பரை அவருடையதாகவே இருக்கும். கடையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பதிலுக்காகவே அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ற பக்கமுங்க" என்றார் அர்த்தனாரி.

முதலாளிக்குப் புரியவில்லை. "அப்ப அன்னைக்கு அவம் பக்கம்னு சொன்னே?"

"வேலை போயிருமுன்னு பொய் சொன்னனுங்க. அவரு பக்கமும் கோடு இருக்குதுதான். அதுவும் நான் இருபத்திரண்டு வருசமா ஒரு சாண் ஒசரத்துல இருந்து ஊத்தினதுதானுங்க" என்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.